எந்தத் திருப்பத்தூர்?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், கணிப்பொறி அறிவியல் துறை)

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் மூன்றாம் வகுப்போடு நின்றவர். கரூரில் ஒரு லாரி பார்சல் ஆபீசில் சுமை தூக்குகிறார். "பையன் என்ன படிக்கிறான்?" என்று அங்கே யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார். அதற்கு மேல் கேட்டால் அவருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால் எனக்கும் விளக்கத் தெரியாது. சென்ற பருவத்தில் துறைப் பேரவைக் கூட்டத்தில் அனைவர் முன்னிலையிலும் நான் பட்ட ஓர் அவமானத்திற்குப் பிறகுதான், நான் படிப்பது இன்னதென்று அவரிடம் சொல்லும் தெளிவு எனக்கு வந்தது. அந்த அவமானத்தை மறைத்து வைப்பதைவிட இம்மலரில் எழுதிவிடுவது மேல் என்று தோன்றியது. படிக்கும் நண்பர்களில் ஒருவராவது அதே தவற்றைச் செய்யாமல் இருக்கலாம் அல்லவா?

முதலில் அந்தப் பார்சல் ஆபீசைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போர்வை, துண்டு, மேசை விரிப்பு என்று நெய்து நாடெங்கும் அனுப்பும் ஊர் கரூர். மாலை மங்கும் நேரத்தில் பண்டல்கள் வந்து குவியும். குமாஸ்தா ரசீது போட்டு, ஒவ்வொரு பண்டலின் மேலும் கறுப்பு மையால் ஊர்ப் பெயரை எழுதுவார். குடோனில் ஊர்வாரியாக இடம் பிரித்திருக்கும். மையில் எழுதிய பெயரைப் பார்த்து, அந்தந்த ஊருக்குரிய இடத்தில் அடுக்க வேண்டியது என் தந்தையாரின் வேலை. இரவு லாரிகள் கிளம்பும். மூன்றாம் வகுப்புப் படிப்பு இந்த வேலைக்குப் போதும் என்பார்.

நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது, பொங்கலுக்குச் சில நாட்களுக்கு முன்பு, இரண்டு பண்டல்களின் மேல் 'திருப்பத்தூர்' என்று மட்டும் எழுதியிருந்தது. தமிழ்நாட்டில் திருப்பத்தூர் இரண்டு உண்டு. ஒன்று சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடிப் பக்கம். மற்றொன்று அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்தது. 2019இல் அதுவே தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. அந்தப் பண்டல்கள் போக வேண்டியது தெற்கே. போய்ச் சேர்ந்தது வடக்கே. பண்டிகை வியாபாரம் முடிந்த பிறகு சரக்கு கிடைத்து யாருக்கு என்ன பயன்? கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். பெயரை அரைகுறையாக எழுதியவர் குமாஸ்தா. ஆனால் பண்டலை லாரியில் ஏற்றிய கை என் தந்தையாருடையது. அவருடைய கூலியில் எட்டு நாளைப் பிடித்துக்கொண்டார்கள். ஊருக்கெல்லாம் துணி ஏற்றி அனுப்பியவர் வீட்டில் அந்தப் பொங்கலுக்குப் புதுத்துணி இல்லை. அன்று முதல் அந்தப் பெயரைக் கண்டால், "எந்தத் திருப்பத்தூர்?" என்று வாய்விட்டுக் கேட்டு, பதில் வந்த பிறகுதான் பண்டலைத் தொடுவார். ஆபீசில் இதைச் சொல்லி அவரைக் கேலி செய்வதும் உண்டு.

இனி என் கதைக்கு வருகிறேன். ஜாவா மொழி எங்களுக்குப் பாடமாக இருக்கிறது. பேரவைக் கூட்டத்தில் ஆளுக்கொரு செயல்முறை விளக்கம் தர வேண்டும் என்று எங்கள் பேராசிரியர் கூறியபோது, நான் 'அப்பாச்சி காஃப்கா' என்னும் செய்தி வரிசை அமைப்பைத் தேர்ந்தெடுத்தேன். அதைப் பற்றிய முதல் பக்கத்தைப் படித்தபோதே பார்சல் ஆபீஸ் குடோன் என் கண்முன் வந்து நின்றதுதான் காரணம்.

ஒரு நிரல் மற்றொரு நிரலுக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நேரடியாக அனுப்பினால், அந்த நேரத்தில் மற்றது விழித்திருக்க வேண்டும். அனுப்பும் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் செய்தி வீண். ஆகவே இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் வேண்டும். அனுப்புநர் அங்கே போட்டுவிட்டுத் தம் வேலையைப் பார்க்கலாம். பெறுநர் தமக்கு ஓய்வு கிடைக்கும்போது எடுத்துக்கொள்ளலாம். இதுதான் செய்தி வரிசையின் தத்துவம். சாதாரண வரிசையில் ஒரு செய்தியைப் பெற்று முடித்தவுடன் அது அங்கிருந்து நீங்கிவிடும். காஃப்கா அப்படியன்று, அது ஒரு பேரேடு போன்றது. வந்த வரிசையில் எழுதிக்கொண்டே போகும். படித்துவிட்டார்கள் என்பதற்காக எதையும் கிழித்தெறியாது. நாமாக மாற்றாத வரையில் 7 நாட்கள், அதாவது 168 மணி நேரம், செய்திகளை வைத்திருக்கும்.

லிங்க்டுஇன் நிறுவனத்தில் ஜே கிரெப்ஸ், நேஹா நார்கடே, ஜுன் ராவ் ஆகியோர் உருவாக்கிய இந்த அமைப்பு 2011இல் அனைவருக்கும் பொதுவாக வெளியிடப்பட்டது. பிராக் நகரில் 1883இல் பிறந்து, ஜெர்மன் மொழியில் எழுதி, 1924இல் மறைந்த ஃபிரான்ஸ் காஃப்காவின் பெயரையே இதற்கு வைத்தார்கள். எழுதுவதற்கென்றே செம்மைப்படுத்தப்பட்ட அமைப்புக்கு ஓர் எழுத்தாளரின் பெயர் பொருத்தம் என்பது கிரெப்ஸின் எண்ணம். தான் செய்த குற்றம் என்னவென்றே தெரியாமல் தண்டனைக்கு உள்ளாகும் மனிதனைப் பற்றி எழுதியவர் அந்த எழுத்தாளர் என்று அறிந்தபோது, எட்டு நாள் கூலியை நினைத்துக்கொண்டேன்.

காஃப்காவில் செய்தி எதுவும் பொத்தாம்பொதுவாகக் கிடப்பதில்லை. ஒவ்வொன்றும் ஒரு 'டாபிக்'கைச் சேர்ந்தது. தலைப்பு என்று தமிழில் சொல்லலாம். குடோனில் ஊர்வாரியாகப் பிரித்த இடத்தைப் போன்றது அது. ஒரு தலைப்பைப் பல 'பார்ட்டிஷன்'களாக, அதாவது பாகங்களாகப் பிரிக்கலாம். ஒரே குழுவைச் சேர்ந்த பெறுநர்கள் ஆளுக்குச் சில பாகங்களை எடுத்துக்கொண்டு ஒரே நேரத்தில் வேலை செய்ய இது உதவுகிறது. ஆனால் ஒரு பாகத்தை அந்தக் குழுவில் ஒருவர்தான் படிக்க முடியும். வரிசை மாறாமல் இருக்கும் என்ற உறுதியும் ஒரு பாகத்துக்குள் மட்டுமே உண்டு. செய்தியோடு ஊர்ப் பெயரைத் திறவுச்சொல்லாகச் சேர்த்து அனுப்பினால், ஒரே ஊருக்குரிய செய்திகள் ஒரே பாகத்திற்குப் போகும். அவற்றின் வரிசையும் கலையாது. பாகங்களின் எண்ணிக்கையைப் பின்னால் கூட்டலாம், குறைக்க முடியாது. ஆகவே தலைப்பை உருவாக்கும்போதே யோசித்துச் செய்ய வேண்டும்.

தலைப்பை உருவாக்க இரண்டு வழிகள் கற்றேன். ஒன்று கட்டளை வரி. மற்றொன்று ஜாவா நிரல்.

கட்டளை வரி எளிது. கறுப்புத் திரையில் 'காஃப்கா-டாபிக்ஸ்' என்னும் கருவியின் பெயரை எழுதி, அடுத்தடுத்து நான்கைந்து விவரங்களைத் தர வேண்டும். 'கிரியேட்' என்பது செய்ய வேண்டிய வேலை. 'டாபிக்' என்பதையடுத்துத் தலைப்பின் பெயர். 'பார்ட்டிஷன்ஸ்' என்பதையடுத்துப் பாகங்களின் எண்ணிக்கை. 'ரெப்ளிகேஷன்-ஃபேக்டர்' என்பதையடுத்து, ஒவ்வொரு பாகத்துக்கும் எத்தனை பிரதிகள் என்பது. 'பூட்ஸ்டிராப்-சர்வர்' என்பதையடுத்துக் காஃப்கா இருக்கும் முகவரி; எங்கள் ஆய்வகத்தில் அது அதே கணிப்பொறி, 9092ஆம் வாயில். ஒவ்வொரு விவரத்தின் முன்னும் இரண்டு சிறு கோடுகள் இட வேண்டும்.

இதிலேயே இரண்டு முறை சறுக்கினேன். சீனியர் ஒருவர் தந்த பழைய குறிப்பில் 'ஜூகீப்பர்' என்று ஒரு விவரம் இருந்தது. அப்படியே எழுதினேன், அப்படி ஒன்றை அறியேன் என்றது திரை. முன்பு காஃப்காவின் நிர்வாகத்தைக் கவனித்துக்கொள்ள ஜூகீப்பர் என்னும் தனி அமைப்பு தேவைப்பட்டது. தலைப்பு உருவாக்கும் கட்டளையிலிருந்து அது 2021இல் 3.0 பதிப்போடு நீங்கியது. 2025 மார்ச்சில் வந்த 4.0 பதிப்பில் ஜூகீப்பரே முழுவதும் விடைபெற்றுவிட்டது. பழைய குறிப்பை நம்பி அரை நாள் போயிற்று. அடுத்து, 'கரூர்' என்று தமிழில் தலைப்பின் பெயரை எழுதினேன். அதையும் ஏற்கவில்லை. ஆங்கில எழுத்து, எண், புள்ளி, அடிக்கோடு, சிறு கோடு ஆகியவை மட்டுமே பெயரில் வரலாம். நீளம் 249 எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது. மனம் சற்று வாடினாலும், செய்தியின் உள்ளே தமிழ் தாராளமாக வரலாம் என்று பின்னர் கண்டு தேறினேன்.

ஒருவழியாக ஆங்கில எழுத்தில் 'கரூர்' என்று பெயரிட்டு, 3 பாகம், 1 பிரதி என்று கொடுத்தவுடன், தலைப்பு உருவாக்கப்பட்டது என்று திரையில் பதில் வந்தது. 'லிஸ்ட்' என்று கேட்டால் தலைப்புகளின் பட்டியலும், 'டிஸ்கிரைப்' என்று கேட்டால் ஒரு தலைப்பின் முழு விவரமும் கிடைக்கும். அன்று மிதிவண்டியில் வீடு திரும்பியபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த மகிழ்ச்சியே எனக்கு வினையாயிற்று. பேரவையில் கட்டளை வரியைக் காட்டினால் எளிதாக இருக்கிறது என்று நினைப்பார்களே, ஜாவாவில் செய்துகாட்டினால் அல்லவா பெருமை? 2017 முதல் காஃப்காவுடன் வரும் 'அட்மின்கிளையன்ட்' என்னும் வகுப்பு இதற்கென்றே இருக்கிறது. காஃப்காவின் முகவரியை 'ப்ராப்பர்டீஸ்' பொருளில் வைத்து அதனிடம் கொடுக்க வேண்டும். பிறகு 'நியூடாபிக்' என்னும் வகுப்பில் தலைப்பின் பெயர், பாகங்களின் எண்ணிக்கை, பிரதிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் தந்து ஒரு பொருளை உண்டாக்க வேண்டும். அதை 'கிரியேட்டாபிக்ஸ்' என்னும் செயலிடம் ஒப்படைத்தால் ஆயிற்று.

பெரிய நிறுவனங்கள் பிரதிகள் 3 வைப்பார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். ஒன்று பழுதானாலும் மற்றவை காப்பாற்றும் என்பதற்காக. நானும் 3 என்று எழுதினேன். ஜாவா ஏற்க மறுத்தது. பிரதிகளின் எண்ணிக்கை 'இன்ட்' வகையில் இருக்கக் கூடாதாம். 'ஷார்ட்' வகையில் வேண்டுமாம். அதைக் கண்டுபிடித்து மாற்றி எழுத ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆயிற்று. அந்தச் சிறு வெற்றியில், 3 என்பதே எங்களுக்குப் பொருந்துமா என்று எண்ணிப் பார்க்க மறந்தேன். ஒவ்வொரு பிரதியும் தனித்தனி 'புரோக்கர்' கணிப்பொறியில் இருக்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் காஃப்கா ஓடியதோ ஒரே கணிப்பொறியில்! ஒரே பீரோவில் மூன்று பூட்டுக்கு இடம் கேட்டது போலாயிற்று என் செயல்.

நிரலின் கடைசி வரியில், 'தலைப்பு உருவாக்கப்பட்டது' என்று திரையில் எழுதும்படி செய்திருந்தேன். ஓட்டினேன். அப்படியே எழுதிற்று. அனுப்புநர் நிரலையும் ஓட்டினேன். பண்டல் விவரங்கள் போயின. பெறுநர் நிரலில் வந்து சேர்ந்தன. குறை ஒன்றும் இல்லை என்று உறங்கப் போனேன்.

பேரவை நாள். மூன்றாம் ஆண்டு அண்ணன்மார், பேராசிரியப் பெருமக்கள், முன் வரிசையில் துறைத் தலைவர். பெரிய திரையில் மூன்று பெறுநர்களை மூன்று சாளரங்களில் திறந்து வைத்தேன். "மூன்று பாகம், மூன்று பெறுநர்; வேலை மூவருக்கும் பகிர்ந்து போவதை இப்போது காணலாம்" என்று முழங்கிவிட்டு, அனுப்புநரை ஓட்டினேன். செய்திகள் வந்தன, எல்லாம் முதல் சாளரத்திற்கே வந்தன. மற்ற இரண்டும் அசையாமல் கிடந்தன. மீண்டும் ஓட்டினேன். மீண்டும் அப்படியே. "ரேஷன் கடையில மூணு கவுன்ட்டர் இருக்கு, ஒண்ணுதான் தெறந்திருக்கு!" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பொலியில் என் காதுகள் சூடாயின.

பேராசிரியர் எழுந்து வந்தார். 'டிஸ்கிரைப்' கட்டளையைக் கொடுக்கச் சொன்னார். பாகம் 1 என்று இருந்தது. நான் திகைத்து, "ஐயா, 3 பாகத்தோடு உருவாயிற்று என்று திரையில் வந்ததே" என்றேன். அவர் என் நிரலின் கடைசி வரியைச் சுட்டிக்காட்டி மெதுவாகக் கேட்டார்: "தம்பி, உருவாயிற்று என்று சொன்னது காஃப்காவா, நீயா?"

நண்பர்களே, அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்ல? சொன்னது நானேதான். 'கிரியேட்டாபிக்ஸ்' என்று அழைத்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. "கேட்டுச் சொல்கிறேன்" என்று ஒரு வாக்கு மட்டும் நம் கையில் கிடைக்கிறது. அதற்குக் 'காஃப்காஃபியூச்சர்' என்று பெயர். அந்த வாக்கின் மீது 'ஆல்', 'கெட்' என்னும் இரு செயல்களை அழைத்துக் காத்திருந்தால்தான் காஃப்காவின் உண்மையான பதில் வரும். தவறு நேர்ந்திருந்தால் அதுவும் அப்போதுதான் வெளிப்படும். கட்டளை வரியில் அந்தக் கருவியே நமக்காகக் காத்திருந்து, பதில் வந்த பிறகுதான் திரையில் எழுதுகிறது. ஜாவாவில் காத்திருப்பது நம் பொறுப்பு. நான் காத்திருக்கவில்லை. 3 பிரதிக்கு இடமில்லை என்று காஃப்கா மறுத்ததை என் நிரல் கேட்கவே இல்லை.

அப்படியானால் செய்திகள் எப்படிப் போய்ச் சேர்ந்தன? இல்லாத ஒரு தலைப்பின் பெயரைச் சொல்லிச் செய்தி அனுப்ப வந்தால், காஃப்கா தானாகவே அப்பெயரில் ஒரு தலைப்பை உண்டாக்கிக்கொள்ளும். நாம் மாற்றாத வரையில் அதன் வழக்கம் அதுதான். நாம் கேட்ட 3 பாகம் அதற்குத் தெரியாது. தன் வழக்கப்படி 1 பாகமே வைக்கும். பெயரில் ஓர் எழுத்து பிழையாக இருந்தாலும் கேள்வி கேட்காது. பிழையான பெயரிலேயே புதிதாக ஓர் இடம் ஒதுக்கி வாங்கி வைத்துக்கொள்ளும். உரிய பெயரில் காத்திருப்பவர் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பேராசிரியர் அங்கேயே நிரலைத் திருத்தச் சொன்னார். 'கெட்' சேர்த்து ஓட்டினேன். அந்தப் பெயரில் தலைப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று மறுப்பு வந்தது. காஃப்கா தானாக உண்டாக்கிய தலைப்பு அது. அனுப்புநர், பெறுநர் எல்லாவற்றையும் நிறுத்தி, அந்தத் தலைப்பை நீக்கிவிட்டு ஓட்டினேன். இப்போது, புரோக்கர் ஒன்றுதான் இருக்கிறது, 3 பிரதிக்கு வழியில்லை என்று இரண்டாவது மறுப்பு வந்தது. நான் கேட்காமல் விட்ட பதில் அதுதான். பிரதியை 1 ஆக்கினேன். தலைப்பு உருவாயிற்று. 'டிஸ்கிரைப்' கேட்டுச் சரிபார்த்துவிட்டு, மூன்று பெறுநர்களையும் மீண்டும் திறந்தேன். மூன்று சாளரங்களிலும் வரிகள் ஓடின. கைதட்டினார்கள். ஆனால் என் மனம் அங்கில்லை. எட்டு நாள் கூலி பிடித்த அந்தப் பொங்கலுக்குப் போயிருந்தது.

பண்டலின் மேல் அரைகுறையாகப் பெயர் எழுதிய குமாஸ்தாவை நான் பல ஆண்டுகளாக மனத்துக்குள் திட்டி வந்தேன். இப்போது பேனா என் கைக்கு வந்திருக்கிறது. எழுதிவிட்டு, சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று கேளாமல், 'ஆயிற்று' என்று நானே சொல்லிக்கொண்டேன். பேரவையில் நேர்ந்த பிழைக்குச் சிரிப்போடு போயிற்று. நாளை நான் ஒரு நிறுவனத்தில் அமர்ந்து இதே பிழையைச் செய்தால், எங்கோ ஒரு குடோனில் நிற்கும் யாருடைய கூலியில் கை வைப்பார்கள்?

அன்றிரவு தந்தையார் வேலை முடிந்து வர ஒரு மணி ஆயிற்று. விழித்திருந்து, நடந்ததையெல்லாம் சொன்னேன். புரோக்கர் என்றதும், "லாரி புரோக்கரா?" என்று கேட்டார், சிரித்தோம். தலைப்பு என்பது குடோனில் ஊருக்கு ஒதுக்கிய இடம் என்றேன், உடனே புரிந்துகொண்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்த மிஷினு எந்தத் திருப்பத்தூர்னு கேக்காதா கண்ணு?" என்றார்.

"கேக்காதுங்கப்பா. நாம எழுதுன பேருல அதுவே ஒரு எடத்தைப் போட்டு வாங்கி வெச்சுக்கும்."

சற்று நேரம் பேசாமல் உண்டார். பிறகு, "அப்ப எழுதறவன்தான் கேக்கோணும்" என்று சொல்லிவிட்டுக் கைகழுவ எழுந்தார்.

மறுநாள் ஆய்வகத்தில் பேராசிரியரின் அனுமதி பெற்று, தலைப்புகளைத் தானாக உண்டாக்கும் வழக்கத்தைக் காஃப்காவின் அமைப்புக் கோப்பில் நிறுத்தி வைத்தேன். இப்போது பிழையான பெயருக்குச் செய்தி அனுப்பினால் அது ஏற்பதில்லை. என் நிரலில் 'உருவாக்கப்பட்டது' என்ற வரி இன்றும் இருக்கிறது. ஆனால் பதில் வந்த பிறகு எழுதும் இடத்திற்கு அதை நகர்த்திவிட்டேன். பிறகு சோதனைக்காகத் தமிழில் ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தேன்: 'திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம், 2 பண்டல்.' போய்ச் சேர்ந்தது.